ஹுவாங் சாவில் இருக்கிறார்

"உன் புருஷன் எங்கே?" என்று யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஹுவாங் சாவில் இருக்கிறார்."

மெல்போர்னில், ரிச்மண்டில் இருந்த ஒரு தையல் ஆலையில் வியட்நாமிலிருந்து வந்த அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை செய்தோம். மேற்பார்வைக்காரி ஒரு கிரேக்கப் பெண். நல்ல மனுஷி, வாய்தான் ஓயாது. ஹுவாங் சா என்பது சைகோனிலிருந்து பஸ் போகிற ஏதோ ஓர் ஊர் என்று நினைத்துக்கொண்டு, "அவரையும் இங்கே கூப்பிட்டுக்கொள், இந்த வயதில் தனியாக இருக்காதே" என்று அடிக்கடி புத்தி சொல்வாள். இவள் மரியாதையாகத் தலையை ஆட்டுவாள். அடுத்தவர் சொன்னதற்கு இவள் தலை ஆட்டி நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

மற்ற எதற்கும் ஒத்துக்கொள்ளமாட்டாள். ஒருநாள் ஒரு சட்டைப் பையைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். மேற்பார்வைக்காரி அதைக் கொண்டுவந்து மேசையில் விரித்துக் காட்டினாள். பையின் வாய் கீழே பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. இவள் கழுத்தைச் சாய்த்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு, "நீங்கள் சட்டையைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள்" என்றாள். ஆலை முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பிரித்துத் தை என்றதும் பிரித்துத் தைத்தாள். ஆனால் தன்னுடைய பிழை என்று கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

குளிரிலும் அதே பிடிவாதம். ஆகஸ்ட் மாதக் காலையில் ட்ராமுக்கு நிற்கும்போது எனக்குப் பல் கிட்டும். அவள் ரப்பர் செருப்போடு நிற்பாள். கால் விரல்கள் நீலம் பாரித்திருக்கும். "குளிருதா?" என்றால், நடுங்குகிற உதட்டோடு "குளிர் இல்லை" என்பாள். பார்க்கப் பொறுக்காமல் என்னுடைய கம்பளிக் காலுறை ஒரு சோடியைக் கொடுத்தேன். வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "குளிர் வந்தால் போடுகிறேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவளைப் பொறுத்தவரை மெல்போர்னுக்குக் குளிர் வரவே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் பேசியது ஓட்டை இங்கிலீஷில். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு இங்கே வந்து கொலர் தைத்தவள் நான், அதனால் என்னுடையதில் ஓட்டை கொஞ்சம் குறைவு. அவளுடைய பேச்சை நான் தமிழில்தான் எழுத முடியும், அதனால் அவள் சரளமாகப் பேசியதுபோல் இங்கே தோன்றலாம். உண்மையில் ஒரு வசனத்துக்கு இரண்டு சொல்லும் நிறையக் கையசைப்பும்தான் இருந்தன. 'அக்கா' என்ற சொல்லை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். அதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளைவிட நன்றாகச் சொல்வாள்.

ஹுவாங் சா எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடித்தது எங்கள் வீட்டில்தான். இவருக்கு, அதாவது என் கணவருக்கு, ஒரு கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலை. ஒரு பெரிய அட்லஸ் வாங்கி, பிறவுண் கடதாசி உறை போட்டு, சாமிப் படத்துக்குக் கொடுக்கிற மரியாதையோடு வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட வந்திருந்தபோது, "உம்மட மனிசன் இருக்கிற இடத்தைக் காட்டும் பாப்பம்" என்று அதை எடுத்து விரித்தார். பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னார்.

அவள் வியட்நாமின் கரையைத் தடவிக்கொண்டு போய், கடலுக்குள் விரலை வைத்தாள். அங்கே இலையான் மொய்த்துப் போட்ட எச்சம்போலச் சில புள்ளிகள். பக்கத்தில் 'பரசெல் தீவுகள்' என்று அச்சாகியிருந்தது. அவள் அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். முகம் மாறிவிட்டது. மேசையில் கிடந்த பேனையை எடுத்து, நாங்கள் வாய் திறப்பதற்குள், அச்சுப் பெயரைக் குறுக்கே வெட்டி மேலே தன் எழுத்தில் ஹுவாங் சா என்று எழுதினாள்.

"ஐயோ, பேனையால எழுதிப்போட்டாள்" என்றார் இவர். அவர் குரல் அழுவதுபோல் இருந்தது.

மஞ்சள் மணல் என்று அர்த்தமாம். சீனர் வேறு பெயர் சொல்லுவார்கள், வெள்ளைக்காரர் வேறு பெயர் சொல்லுவார்கள், எல்லாம் பொய் என்றாள். அவள் புருஷன் தெற்கு வியட்நாம் கடற்படையில் ஒரு கப்பலில் இருந்தவன். எழுபத்து நாலாம் ஆண்டு தை மாதம், எங்களுக்குப் பொங்கல் முடிந்து அவர்களுக்குப் புதுவருஷம் பிறக்க முந்திய நாட்களில், சீனக் கப்பல்கள் அந்தத் தீவுகளைப் பிடிக்க வந்தன. சண்டையில் இவனுடைய கப்பல் தாழ்ந்துபோனது. சீனர் பிடித்துப் போனவர்களைப் பிறகு ஹொங்கொங் வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் இவன் இல்லை. செத்தவன் என்று சொல்ல உடலும் இல்லை. தீவுகள் சீனரின் கைக்குப் போய்விட்டன, யாரும் போய்த் தேடவும் முடியாது. "அதனால் அங்கே இருக்கிறார்" என்று முடித்தாள்.

இவர் நெடுந்தீவுக்காரர். அதே வருஷம் எங்கள் கடலிலும் கச்சதீவு யாருக்கு என்று பேச்சு அடிபட்டதை அவர் மறக்கவில்லை. "கல்லுக்கும் மணலுக்கும்தான் சண்டை. மனிசரை ஆர் தேடுறான்" என்றார். பேனைக் கீறலைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஊர் லீ சோன் என்ற ஒரு சின்னத் தீவு. மணலில் உள்ளிப்பூண்டு நட்டுப் பிழைக்கிற சனம். அந்தத் தீவு ஆண்களை முன்னொரு காலத்தில் அரசர்கள் ஹுவாங் சாவுக்கு அனுப்புவார்களாம். போகிறவன் சாப்பாட்டோடு தனக்கென்று ஒரு பாயும் கட்டுவதற்குக் கயிறும் எடுத்துப் போவானாம். அங்கே செத்தால் கூட இருப்பவர்கள் அந்தப் பாயில் சுற்றிக் கடலில் விட வேண்டும். தன் பாடையைத் தானே தூக்கிக்கொண்டு போகிற பயணம். அவள் இதை எங்கள் குசினியில் நின்று, உள்ளி உரித்தபடி, வேறு யாரோ வீட்டுக் கதைபோலச் சொன்னாள். தன் புருஷன் நேவிக்காரன், சீருடையோடு போனான், பாய் எடுத்துப் போகவில்லை என்றும் சொன்னாள். அவன் உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஓர் ஆதாரம் அவளுக்கு.

அந்த நாளில் மெல்போர்னில் எங்களுக்கென்று கோயில் இல்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு ஹோலில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, பாய் விரித்து, தேவாரம் பாடி, சுண்டல் தின்றுவிட்டுக் கலைவோம். எங்கள் வீட்டு முறை வந்தபோது அவளையும் கூப்பிட்டேன். ஊரிலிருந்து நான் பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்த பன்பாயில் என் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தாள். பாயைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பூசை முடிந்து குங்குமத் தட்டத்தை டொக்டர் அன்ரி எடுத்தா. டொக்டர் அவவின் புருஷன், பட்டம் அவவுக்கு. எங்கள் கூட்டத்தில் எது முறை, எது முறையில்லை என்று தீர்ப்புச் சொல்வது அவதான். எனக்குத் தந்துவிட்டு, குனிந்து காதுக்குள் கேட்டா.

"பிள்ளை, இவவின்ர மனிசன் இருக்கிறாரோ, இல்லையோ?"

"தெரியாது அன்ரி."

"அதென்ன தெரியாது? ஒண்டில் இருக்கோணும், இல்லாட்டி இல்லை."

தட்டம் அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் எனக்கு இல்லை?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கிற பெண்களுக்கு அது என்று சொன்னேன். கையில் குங்குமத்தை வைத்துக்கொண்டு பெண்களைத் தரம் பிரிக்கிற இந்தப் பழக்கத்தை எந்தக் கடவுள் கேட்டார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அவள் எழும்பினாள். பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டி நேரே அன்ரியிடம் போனாள். தட்டத்தில் விரலைத் தோய்த்து, என் நெற்றியைப் பார்த்து அதே இடத்தில் தனக்கும் ஒரு பொட்டு வைத்தாள். பெரிதாக, கோணலாக வைத்தாள். "என் புருஷன் ஹுவாங் சாவில் இருக்கிறார்" என்று அன்ரிக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அன்ரி தட்டத்தோடு அப்படியே நின்றா.

எங்கள் வாடகை வீட்டின் பின்வளவில் ஒரு மல்பெரி மரம் இருந்தது. முன்பு குடியிருந்த இத்தாலிக்காரர் வைத்தது. வருஷக் கடைசியில் பழம் கொட்டி நிலமெல்லாம் கருநீலமாகும். கொடியில் உடுப்புக் காயப்போட முடியாது. அவள் அந்த மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் போகமாட்டாள். ஒரு கோப்பை நிறையப் பழம் பறித்துக் கொடுத்தேன், தொடவில்லை. ஒருமுறை மரத்தடியில் கதிரை போட்டபோது, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்தாள். அதிசயமாக இருந்தது. சரி, அவளுடைய எத்தனையோ பிடிவாதங்களில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

எழுபத்தொன்பதில் படகில் வந்தவர்கள் நிறையப் பேர் மெல்போர்னுக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்பிரிங்வேலில் இருந்த ஹொஸ்டலில் புது முகங்களாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போய் ஒவ்வொருவரிடமும் விசாரிப்பாள். அப்படித்தான் அந்த ஆளைக் கண்டுபிடித்தாள். அதே கப்பலில் இருந்தவன். அவளுடைய அறையில் இன்னும் மூன்று பெண்கள் இருந்ததால், எங்கள் வீட்டில் வைத்துப் பேசலாமா என்று கேட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏதோ நல்ல செய்தி என்று நினைத்தேன். புட்டும் அவித்து வைத்தேன்.

மெலிந்த மனிதன். யாரோ கொடுத்த பெரிய கோட் போட்டிருந்தான். கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தான். அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். எனக்கு அதில் ஒரு சொல்தான் தெரியும். அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். அவன் தலையசைத்து இல்லை என்றான். அவள் மறுபடி சொன்னாள், கொஞ்சம் உரத்து. அவன் மறுபடி இல்லை என்றான். அவள் அவனோடு சண்டை பிடிக்கத் தொடங்கினாள். சட்டைப் பைக்குப் பிடித்த அதே சண்டைதான், அதே சாய்ந்த கழுத்து. ஹுவாங் சா, ஹுவாங் சா என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். அவன் மட்டும் குரலை உயர்த்தவே இல்லை.

கடைசியில் அவள் எழும்பி அட்லஸைக் கொண்டுவந்து விரித்தாள். தான் எழுதிய பெயருக்கு மேல் விரலை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் அவள் விரலை மெதுவாகத் தன் கையால் எடுத்தான். எடுத்து, கீழே, கடலோடு கடலாக இழுத்துக்கொண்டு போனான். எந்தத் தீவும் இல்லாத, எந்தப் பெயரும் அச்சாகாத வெறும் நீலத்தில் கொண்டுபோய் நிறுத்தினான்.

அவள் விரலை எடுக்கவில்லை. அவன் புட்டைத் தொடாமலே எழும்பிப் போனான்.

பிறகு எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள். கப்பல் தாழ்ந்தபோது காயத்தோடு அவள் புருஷன் ஒரு மிதவையில் ஏறியிருக்கிறான். இந்த ஆளும் அதில் இருந்தான். நீரோட்டம் அவர்களைத் தீவுகளிலிருந்து வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் இல்லை. வெளிநாட்டுக் கப்பல் ஒன்று வந்து மற்றவர்களைத் தூக்கிய நேரத்தில் அவள் புருஷன் செத்து, ஏற்கெனவே கடலுக்குள் விடப்பட்டிருந்தான். லீ சோனுக்கு வந்து அதைச் சொல்ல அவர்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. விட்டவர்களில் ஒருவன்தான் எங்கள் கதிரையில் உட்கார்ந்திருந்தவன்.

"பாய் இல்லை, அக்கா" என்றாள். "சுற்றுவதற்கு ஒன்றும் இல்லையாம். அப்படியே விட்டார்களாம்."

நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். இத்தனை வருஷமும் அவள் ஊன்றிப் பிடித்திருந்தது ஒரு பெயரை. ஆள் அங்கே இல்லை என்பதோடு அந்தப் பெயரும் போய்விட்டது.

அடுத்த கிழமை வந்து, வாசலில் நின்றபடியே, "அக்கா, அந்த மரத்தில் ஒரு கிளை வேண்டும்" என்றாள். மல்பெரி மரத்தைக் காட்டினாள். அப்போதுதான் அது என்ன பகை என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் தீவில் கடலோடு போய்ப் பிணம் திரும்பாதவனுக்குக் களிமண்ணில் ஓர் உருவம் செய்வார்கள். மல்பெரிக் கிளையை முறித்து எலும்பாக வைப்பார்கள். உருவத்தைப் பிணமாகவே பாவித்து அடக்கம் செய்வார்கள். காற்றுக் கல்லறை என்று அதற்குப் பெயராம். புருஷனின் தாய் ஊரில் அதைச் செய்யச் சொல்லி அழுதபோதெல்லாம் இவள் மறுத்தவள். மரத்தைக் கண்டால் விலகிப் போனது அதனால்தான். ஊரில் இதற்கென்று ஒரு பெரியவர் இருப்பார், இங்கே யாருமில்லை, நானே செய்கிறேன் என்றாள். புதைக்க மண்ணும் வேண்டும். அவள் இருந்ததோ கடைக்கு மேலே மாடி அறை.

நான் இவரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? வாடகை வீடு. வளவுக்குள்ள ஆளைப் புதைக்கிறதோ?"

"ஆள் இல்லை. களிமண் பொம்மைதானே."

"பொம்மையெண்டால் ஏன் கிடங்கு வெட்டுவான்?"

அவர் வளவை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கராஜுக்குள் போய் மரம் அரிகிற வாளை எடுத்துக்கொண்டு வந்து, தானே ஏணி வைத்து ஏறி, நேரான கிளையாகப் பார்த்து அறுத்தார். கிடங்கையும் அவரே வெட்டினார். எங்கள் வளவு மண் களிமண். மழை பெய்தால் சப்பாத்தைப் பிடித்து இழுக்கிறது என்று நான் இரண்டு வருஷமாகத் திட்டிய மண். அதை அள்ளித்தான் அவள் பிசைந்தாள். கிளையை முறித்து முதுகெலும்பு, கை, கால் வைத்தாள். இடித்த கரியால் குடல் வைத்தாள். முட்டை மஞ்சளைத் தோலாகப் பூசினாள். முகம் செய்கிறபோது மட்டும் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

செய்து முடித்ததும் என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. நான் உள்ளே போய்ப் பன்பாயின் ஒரு மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். அதில் அவனைச் சுற்றி, இறுக்கிக் கட்டி, மரத்தடியில் வைத்தாள். இவர் மண்ணை மூடினார். எங்களுக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றை நான் பாடினேன். அவனுக்கு அது விளங்கியிருக்காது, ஆனால் வேறு என்ன செய்வது?

அந்த மாதத்து வெள்ளிக்கிழமை மறுபடி எங்கள் வீட்டில். டொக்டர் அன்ரி வந்து உட்கார்ந்ததும் கேட்டா, "இதென்ன, பாயில ஒரு மூலையைக் காணேல்ல? எலியோ?"

"இல்லை அன்ரி" என்று மட்டும் சொன்னேன்.

பூசை முடிந்தது. அன்ரி குங்குமத் தட்டத்தை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் முதல் நேரே அவளிடம் வந்தா. அன்றைக்கு நடந்ததை அவ மறக்கவில்லை, சரிக்கட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறா. "இந்தா பிள்ளை, எடும்" என்று நீட்டினா. அவள் தட்டத்தின் விளிம்பைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் குங்குமத்தையே பார்த்தாள். பிறகு அதை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

அன்ரிக்குப் புரியவில்லை. "ஏன், உன்ர மனிசன் எங்க?" என்று இங்கிலீஷில் கேட்டா.

எனக்கு அந்தத் தட்டத்தைப் பறித்து எறிய வேண்டும்போல் இருந்தது. அவள் குசினி யன்னலைப் பார்த்துக் கையைக் காட்டினாள். இலையில்லாத மல்பெரி மரத்தில், அறுத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"அங்கே" என்றாள்.

ஹுவாங் சா என்ற பெயரை அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. இவருடைய அட்லஸில் மட்டும் அது இருக்கிறது, பேனை மை கொஞ்சம் பரவிப்போய்.

அன்று எல்லாரும் போன பின் அவளை வழியனுப்ப வாசலுக்குப் போனேன். செப்டம்பர் பிறந்துவிட்டது, குளிர் விட்டுக்கொண்டிருந்தது. நான்கூட வெறுங்காலோடுதான் நின்றேன். அவள் படியில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து, நான் கொடுத்த கம்பளிக் காலுறைகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

"குளிருது, அக்கா" என்றாள்.